ஸ்பிங்ஸ் பள்ளத்தின் மேற்குச் சுவர்: மழையா, உப்பா?

கல்லுளி:

நம் மன்றத்தின் பிரமிடு இழையில் ஓரியன்தாசன் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தார்: "ஸ்பிங்ஸுக்கு 12,000 வயது என்று நிலவியல் நிரூபித்துவிட்டது. தொல்லியல்காரர்களுக்குத்தான் ஒத்துக்கொள்ள மனசில்லை." அதற்குக் கீழே ஏகப்பட்ட கைதட்டல். அங்கே பதில் சொன்னால் கூட்டத்தில் காணாமல் போகும், அதனால் தனி இழை.

நிலவியல் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஷாக் என்ற ஒரு நிலவியலாளர், 1991-ல் சான் டியாகோவில் நடந்த அமெரிக்க நிலவியல் சங்கக் கூட்டத்தில் ஒரு கருத்தை வைத்தார். எகிப்தின் கிசாவில் சிங்க உடலும் மனித முகமுமாக இருக்கும் ஸ்பிங்ஸைச் சுற்றி வெட்டப்பட்ட பள்ளத்தின் சுவர்களில் செங்குத்தாக இறங்கும் அரிப்பு இருக்கிறது, அது மழைநீர் அரித்தது, அவ்வளவு மழை, ஸ்பிங்ஸைச் செய்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் நான்காம் அரசமரபு மன்னன் காஃப்ரே காலத்தில் (கி.மு. 2500 அளவில்) இல்லை, ஆகவே சிலையின் உடல் கி.மு. 7000-க்கும் 5000-க்கும் இடையில் செதுக்கப்பட்டிருக்கலாம் என்றார். அன்று அவர் வாயிலிருந்து 12,000 வரவில்லை. பின்னாளில்தான் அவரே பனியுகத்தின் முடிவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். 1992-லேயே சிகாகோவில் எகிப்தியலாளர் மார்க் லேனர் அவரை நேருக்கு நேர் மறுத்தார்.

ஒரு நிலவியலாளர் சொன்னது நிலவியல் முழுக்கச் சொன்னதாகிவிடாது. லால் கௌரியும் நிலவியலாளர்தான், ஜேம்ஸ் ஹாரெலும் நிலவியலாளர்தான். இருவரும் அதே சுவரைப் பார்த்துவிட்டு வேறு காரணம் சொன்னார்கள். "நிரூபித்துவிட்டது" என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். அதுதான் நான் கேட்பது.

ஓரியன்தாசன்:

எனக்கென்று தனி இழையே திறந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி கல்லுளி ஐயா. யார் எந்த ஊரில் பேசினார், யார் மறுத்தார் என்று பஞ்சாங்கம் வாசித்த நீங்கள், சுவரைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லையே?

மேற்குச் சுவரைப் பாருங்கள். காற்று அரித்தால் மென்மையான அடுக்கு உள்ளே போகும், கெட்டியான அடுக்கு துருத்தி நிற்கும், கிடைமட்டமாகக் கோடு கோடாகத் தெரியும். இங்கே அந்தக் கோடுகளையே வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வழிந்திருக்கிறது. முனைகள் எல்லாம் உருண்டிருக்கின்றன. தண்ணீரைத் தவிர எது ஐயா மேலிருந்து கீழே வழியும்?

இன்னொன்று. ஸ்பிங்ஸ் தன் ஆயுளில் பெரும்பகுதி கழுத்துவரை மணலில்தான் கிடந்தது. பிற்கால ஃபாரோ நான்காம் துட்மோஸ் தோண்டி எடுத்தான், மறுபடி மூடியது. கவிலியா 1817-ல் முன்பக்கம் தோண்டினார், மறுபடி மூடியது. பாரேஸ் 1925-ல் ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் தோண்டிய பிறகுதான் முழு உடம்பும் வெளியே நின்றது. மணலுக்குள் புதைந்து கிடந்த சுவரைக் காற்று எப்படிப் போய் அரித்தது? முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள், திரும்பப் பெறுவதைப் பிறகு பார்க்கலாம்.

பாப்பிரஸ்:

இரண்டு பேருக்கும் வணக்கம். ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேண்டுகோள். எதன் வயதைப் பேசுகிறோம்? பள்ளம் வெட்டிய காலம் ஒன்று. உடலுக்கு வடிவம் கொடுத்த காலம் ஒன்று. இப்போதிருக்கும் முகத்தைச் செதுக்கிய காலம் இன்னொன்று. மூன்றும் ஒரே காலம் என்று யாரும் காட்டவில்லை. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தேவைப்படாது.

கல்லுளி:

காற்று என்று நான் எங்கே சொன்னேன் ஓரியன்தாசன்? நான் சொல்லாததை என் வாயில் போட்டுவிட்டு அதற்குப் பதில் கேட்கிறீர்கள். நான் சொன்னது கௌரி. கௌரி சொன்னது உப்பு.

கிசாவின் சுண்ணாம்புக்கல் கடலடியில் உருவானது, உள்ளே உப்பு இருக்கிறது. இரவில் பனி இறங்குகிறது. அந்த ஈரம் கல்லின் நுண்துளைகளுக்குள் போய் உப்பைக் கரைக்கிறது. காலையில் வெயில் ஏறியதும் ஈரம் ஆவியாகிறது, உப்பு மேல்தோலுக்கு அடியிலேயே படிகமாகிறது. படிகம் வளர வளரத் தோலை நெம்புகிறது. கல் அப்பளம் மாதிரி செதில் செதிலாகக் கிளம்பி உதிர்கிறது. இது இன்றைக்கும் நடக்கிறது. 1988-ல் வலது தோளிலிருந்து பெரிய துண்டே விழுந்தது. அதற்கு எந்தப் பனியுக மழையும் தேவைப்படவில்லை.

செங்குத்துப் பிளவு? அது பாறையிலேயே இருந்த வெடிப்பு. பள்ளம் வெட்டுவதற்கு எத்தனையோ காலம் முன்பே நிலத்தடி நீர் அந்த வெடிப்புகளை அகட்டி வைத்திருந்தது. உளி வைத்து வெட்டியபோது அவை வெளியே தெரிந்தன. அவ்வளவுதான். தண்ணீரா என்றால் தண்ணீர்தான். ஆனால் அது மனிதன் வெட்டிய பள்ளத்தில் விழுந்த மழை இல்லை.

மணலுக்குள் கிடந்ததைப் பற்றி: ஹாரெல் சொன்னதே அதுதான். ஈரமணல் சுவரை அணைத்துக்கொண்டு கிடந்தால் உப்பு இன்னும் சௌகரியமாக வேலை செய்யும். உங்கள் கேள்வி எங்கள் பக்கத்துக்குத்தான் சாதகம்.

மணல்வாசி:

இந்த விவாதத்தில் நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்தபோது கெய்ரோ போனேன். காஃப்ரே பிரமிடிலிருந்து இறங்கும் கல்பாதையின் மேல் நின்றால் ஸ்பிங்ஸின் முதுகும் பள்ளமும் முழுசாகத் தெரியும். உடம்பின் கீழ்ப்பாதி முழுக்கச் சின்னச் சின்னக் கல் வைத்துப் பூசிய பழுதுவேலை, அதில் எந்த வயதும் தெரியாது. சுவரில் மேல் அடுக்குகள் பின்னால் போய், கீழே வரவர முன்னால் வயிறு தள்ளி நிற்கும். நடுவில் ஆள் நுழையலாம் போல இறங்கும் பிளவுகள். பார்த்த எவனும் முதலில் தண்ணீர் என்றுதான் சொல்வான். புத்தகத்தை வைத்துக்கொண்டு உப்பு உப்பு என்று சொல்பவர்கள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கல்லுளி:

மணல்வாசி, பார்த்தீர்கள், சந்தோஷம். லேனர் அந்தச் சிலையைக் கல் கல்லாக அளந்து வரைந்தவர். 1979-ல் ஆரம்பித்து நான்கு வருடம் அதே பள்ளத்துக்குள் வேலை பார்த்தார். கண்ணால் பார்ப்பதுதான் ஆதாரம் என்றால் அவர் பார்த்தது உங்களைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஓரியன்தாசன்:

லேனர் லேனர் லேனர். ஒரு பெயரை வைத்தே குடித்தனம் நடத்துகிறீர்கள். கௌரி சொன்ன உப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதானே தின்ன வேண்டும்? மேற்குச் சுவரில் மட்டும் ஏன் இவ்வளவு ஆழம்? கிழக்கே போகப்போக ஏன் குறைகிறது? உப்புக்கு திசை தெரியுமா?

சக்காராவுக்கு வாருங்கள். கிசாவிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே முதல் அரசமரபின் மண்செங்கல் மஸ்தபாக்கள் (தட்டையான மேல்தளம் கொண்ட கல்லறைகள்) இருக்கின்றன. ஸ்பிங்ஸுக்கு நீங்கள் சொல்லும் தேதியைவிடப் பல நூறு வருடம் மூத்தவை. சுட்ட செங்கல்கூட இல்லை, வெறும் மண். அவை கரையாமல் நிற்கின்றன. பாறையைக் கரைத்த மழை மண்ணை விட்டுவைத்ததா? அந்த மழை அவற்றுக்கு முன்பே பெய்து ஓய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பாப்பிரஸ்:

என் கேள்வியை யாரும் தொடவில்லை. சரி. திசையைப் பற்றி ஓரியன்தாசன் கேட்டது நியாயமான கேள்வி. அதைக் காலின் ரீடர் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் நிதானமாக எடுத்துப் பேசியிருக்கிறார். கிசா பீடபூமி மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. பாலைவனத்தில் எப்போதாவது கொட்டும் மழை வெள்ளமாகத் திரண்டு மேற்கிலிருந்துதான் வந்து பள்ளத்தில் விழும், அதனால் மேற்குச் சுவர்தான் அதிகம் அடிவாங்கும். ஆனால் காஃப்ரேயின் தந்தை குஃபு தன் பிரமிடுக்காக மேட்டில் பெரிய கல்குவாரிகள் வெட்டினார். அவை வந்த பிறகு வெள்ளம் அந்தக் குழிகளில் விழுந்து நின்றுவிடும், பள்ளத்துக்கு வராது. ஆகவே பள்ளம் குஃபுவுக்கு முந்தியது என்கிறார். எவ்வளவு முந்தியது? சில நூற்றாண்டுகள். ஆரம்ப அரசமரபுக் காலம். பனியுகம் வரைக்கும் போகவே தேவையில்லை, ஏனென்றால் அந்த மாதிரித் திடீர் மழை நான்காம் அரசமரபுக்குப் பிறகும் அங்கே பெய்திருக்கிறது.

ஓரியன்தாசன்:

பாருங்கள், பாப்பிரஸ் டீச்சரே மழை என்று ஒத்துக்கொண்டார். கல்லுளி ஐயா, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பாப்பிரஸ்:

மழை என்றேன். 12,000 என்று சொல்லவில்லை. நான் எழுதியதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சக்காரா கேள்விக்கும் பதில் இருக்கிறது. அந்த மஸ்தபாக்கள் வெள்ளம் திரண்டு வரும் பாதையில் இல்லை, மணலும் சீக்கிரமே மூடிவிட்டது. வெள்ளம் வராத இடத்தில் மண் நிற்பதில் என்ன அதிசயம்?

கல்லுளி:

டீச்சர், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் நடுவில் நிற்பது மட்டுமே நியாயம் ஆகிவிடாது. ரீடரின் வாதம் முழுக்க ஒரு குவாரியின் தேதியில் தொங்குகிறது. நான் இந்த இழை ஆரம்பித்ததிலிருந்து சொல்ல நினைப்பது வேறு. சுவரின் அரிப்பு கல்லுக்கு என்ன நடந்தது என்று சொல்லும், எந்த வருடம் நடந்தது என்று சொல்லாது. மழையே என்று வைத்துக்கொண்டாலும் அது எந்த மழை என்று சுவரில் எழுதி வைத்திருக்கவில்லை.

தேதி வேண்டுமானால் சுவரை விட்டுவிட்டு, அந்தச் சுவர் நிற்கும் குழியிலிருந்து வெளியே எடுத்த கல் எங்கே போனது என்று கேளுங்கள்.

ஸ்பிங்ஸ் தனியாகக் கொண்டுவந்து வைத்த சிலை இல்லை. தரையோடு இருந்த பாறையைச் சுற்றிலும் குடைந்து, நடுவில் 73 மீட்டர் நீளத்துக்கு ஒரு மேட்டை விட்டு, அதைச் சிங்கமாக்கினார்கள். குடைந்த கல் பிரம்மாண்டமான துண்டுகளாக வெளியே வந்தது. சிலைக்கு நேர் முன்னால் இருக்கும் ஸ்பிங்ஸ் கோயிலின் சுவர்களில் இருக்கிறது அந்தக் கல். ஜெர்மன் நிலவியலாளர் தாமஸ் ஐக்னர் லேனரோடு சேர்ந்து அதை அடுக்கு அடுக்காகப் பார்த்தார். பாறையின் ஒவ்வொரு அடுக்குக்கும் தனி உறுதி, தனி நிறம், தனிப் புதைபடிவம். கோயிலின் கல்லில் ஓடும் அடுக்குகள் ஸ்பிங்ஸின் உடம்பில் ஓடும் அடுக்குகளோடு பொருந்துகின்றன. ஆகவே பள்ளமும் கோயிலும் ஒரே வேலை.

இப்போது கோயிலைப் பாருங்கள். அது காஃப்ரேயின் பள்ளத்தாக்குக் கோயிலுக்குப் பக்கத்திலேயே, முகப்பும் பின்சுவரும் அதனோடு ஒரே வரிசையில் நிற்கிறது. கல்பாதையின் ஓரமாக ஓடும் வடிகால் பள்ளத்தின் தென்மேற்கு மூலையில் போய்த் திறக்கிறது. பள்ளம் முதலில் இருந்திருந்தால், புனிதமான சிலையின் பின்னால் மழைத்தண்ணீரைக் கொண்டுவந்து கொட்ட எந்தப் பொறியாளன் சம்மதிப்பான்? பாதையும் வடிகாலும் முதலில், பள்ளம் பிறகு. பள்ளத்தின் தரையில் வேலையாட்கள் பாதியில் விட்டுப் போன கற்களுக்கு அடியில் கிடைத்த பானை ஓடுகளும் நான்காம் அரசமரபைச் சேர்ந்தவை.

அந்தக் கல் எங்கே போனது? இதற்குப் பதில் சொல்லாமல் மேற்குச் சுவர் மேற்குச் சுவர் என்று எத்தனை தடவை சொன்னாலும் பயனில்லை.

ஓரியன்தாசன்:

நீளமாக எழுதினால் நிஜமாகிவிடாது. ஒரே வேலை என்றால் என்ன? கோயிலும் பள்ளமும் ஒரே வயது. சரி, ஒத்துக்கொள்கிறேன். இரண்டுமே பழசு. ஷாக் சொன்னதும் அதுதான்! சுண்ணாம்புக்கல் உள்சுவர் பழைய ஜனங்களுடையது. காஃப்ரே வந்து அரித்துப்போன சுவருக்கு மேல் கருங்கல் பலகை பதித்தான். அரிப்பின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி கருங்கல்லின் பின்பக்கத்தை வளைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். புதுச்சுவருக்கு யாராவது பின்பக்கத்தை வளைப்பார்களா?

வடிகால்? வெட்டியவர்கள் வேண்டாமென்று அடைத்தும் இருக்கலாம். பானை ஓடு? நான்காம் அரசமரபு ஆட்கள் அங்கே பழுதுபார்த்தார்கள், சாப்பிட்டார்கள், பானையைப் போட்டு உடைத்தார்கள்.

மேற்குச் சுவருக்கு இன்னும் பதில் வரவில்லை.

கல்லுளி:

கருங்கல் அஸ்வானிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் நைலில் வந்த சரக்கு. அதைச் செதுக்குவதைவிடச் சுண்ணாம்புக்கல்லைச் செதுக்குவது எளிது. இரண்டும் நெருங்கி உட்கார வேண்டுமென்றால் எது வளைகிறதோ அதை வளைப்பார்கள். அதில் வயது எங்கே வந்தது?

உங்கள் முறை எனக்குப் புரிந்துவிட்டது. பானை ஓடு கிடைத்தால் பழுதுபார்த்தவனுடையது. கோயில் கிடைத்தால் அதுவும் பழசு. கல்வெட்டு கிடைத்தால் போலி. எது வந்தாலும் தள்ளிவிட ஒரு கதவு வைத்திருக்கிறீர்கள். இரண்டு வருடம் முன்பு பெரிய பிரமிடுக்குள் இருக்கும் குஃபுவின் பெயரை ஆங்கிலேய ஆய்வாளர் ஹோவார்ட் வைஸ் 1837-ல் தானே எழுதிப் போட்டார் என்று இதே இடத்தில் சொன்னவர் நீங்கள். நான் மறக்கவில்லை.

ஓரியன்தாசன்:

அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்று நான் கேட்டது ஒரு கேள்வி. நீங்கள் பதில் சொல்லாமல் என்னை "யூட்யூப் பட்டதாரி" என்றீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

கல்லுளி:

பதில் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அரசனின் அறைக்கு மேல் ஐந்து சின்ன அறைகள். கீழே இருக்கும் ஒன்றை டேவிசன் 1765-லேயே பார்த்துவிட்டார், அதில் எழுத்து எதுவும் இல்லை. மேலே நான்கை வைஸ் வெடிவைத்துத் திறந்தார். உள்ளே செங்காவியில் எழுதிய வேலைக்குழுப் பெயர்கள். சில எழுத்துகள் தலைகீழாக இருக்கின்றன, சில பக்கவாட்டில். கல்லை ஏற்றுவதற்கு முன்பே எழுதியவை என்பதால்தான் அப்படி. சில எழுத்துகள் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்குக்குள் போய் மறைகின்றன. அங்கே தூரிகை போகாது. வைஸ் எப்படி எழுதினார்? இந்தக் கேள்விக்கு இரண்டு வருடமாகப் பதில் இல்லை.

வாடி அல்-ஜர்ஃப் பாப்பிரஸ்களையும் போலி என்பீர்களா? 2013-ல் பியர் தாலே குழு செங்கடல் கரையில் எடுத்தது. மெரர் என்ற மேற்பார்வையாளன், தன் கீழ் நாற்பது பேர் போல, துராவின் கல்குவாரியிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி கிசாவுக்குக் கொண்டுபோன நாட்குறிப்பு. எங்கே இரவு தங்கினார்கள் என்பது வரை இருக்கிறது. பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. குஃபுவின் தம்பி முறையான அன்காஃப் பெயரும் அதில் வருகிறது. நாலாயிரத்தைந்நூறு வருடம் முன்பு ஒருவன் உட்கார்ந்து தன் வேலையைக் குறித்து வைத்திருக்கிறான். அவனுக்குக் கிடைக்க வேண்டிய பெருமையைப் பிடுங்கி, பெயர் தெரியாத, பானை இல்லாத, அடுப்பு இல்லாத, எலும்பு இல்லாத ஒரு நாகரிகத்துக்குக் கொடுக்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஓரியன்தாசன்:

மெரர் கல் ஏற்றியது பிரமிடுக்கு. ஸ்பிங்ஸ் என்ற பேச்சே அந்த ஓலையில் இல்லை. விஷயத்தை மாற்றாதீர்கள்.

நாகரிகம் இல்லை, பானை இல்லை என்கிறீர்கள். இதைத்தான் லேனர் 1992-ல் ஷாக்கைக் கேட்டார், ஒரு பானை ஓடு காட்டு என்று. மூன்றே வருடத்தில் துருக்கியில் கிளவுஸ் ஷ்மிட் கோபெக்லி தெபேயைத் தோண்ட ஆரம்பித்தார். கி.மு. 9500 அளவில் எழுப்பிய கல்தூண்கள், அதில் செதுக்கிய மிருகங்கள்! அதற்கு முன்பு வரை அந்தக் காலத்து மனிதனால் முடியாது என்று இதே குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

கல்லுளி:

கோபெக்லி தெபே நல்ல உதாரணம், எனக்கு. அங்கே சிக்கிமுக்கிக் கருவிகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. தின்று போட்ட மான் எலும்பு மலைபோல் கிடைத்தது. மனிதன் வேலை செய்த இடத்தில் மனிதனின் குப்பை இருக்கும். கிசாவில் நான்காம் அரசமரபின் ரொட்டி அடுப்பு இருக்கிறது, வேலையாட்களின் ஊர் இருக்கிறது, 1990-ல் குதிரை ஒன்று இடறியதால் தெரியவந்த அவர்களது கல்லறைகள் இருக்கின்றன. கி.மு. 10,000-ன் குப்பையைக் காட்டுங்கள்.

சுழல்காற்று:

நான் இந்த இழைக்குப் புதியவன். 2025-ல் இத்தாலிக்காரர்கள் செயற்கைக்கோள் ரேடார் வைத்து காஃப்ரே பிரமிடுக்குக் கீழே 648 மீட்டர் ஆழத்தில் உருளைகள் கண்டுபிடித்தார்களே? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

கல்லுளி:

பேச ஒன்றுமில்லை. அந்த ரேடார் அலை திடப்பாறைக்குள் அவ்வளவு ஆழம் போகாது. பிரமிடுக்குள் எதையாவது பார்த்தார்கள் என்றால் அது மியூவான் (வானிலிருந்து வந்து பாறையை ஊடுருவும் நுண்துகள்) வைத்துப் பார்த்தவர்கள். 2017-ல் பெரிய பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீள வெற்றிடம், 2023-ல் வடக்கு முகத்தில் 9 மீட்டர் நடை. பல குழுக்கள் தனித்தனியாக அளந்து ஒரே பதில் வந்தது. அப்படி வந்தால் நம்பலாம்.

சுழல்காற்று:

கேள்விதானே கேட்டேன். இப்படி முகத்தில் அடித்தால் யார் இங்கே எழுதுவார்கள்?

திருவாலங்காடு:

இரண்டாம் ராம்செஸின் உடலைப் பதப்படுத்தியபோது மூக்கில் வைத்தது மிளகு. நம் பக்கத்து மிளகு. எகிப்தின் குசேர் துறைமுகத்தில் தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் அவர்களுக்குக் கல்வேலை கற்றுக்கொடுத்தது யார் என்று யாராவது யோசித்தீர்களா?

பாப்பிரஸ்:

ராம்செஸ் இறந்தது கி.மு. 1213. குசேர் ஓடு ரோமானியர் காலம். ஸ்பிங்ஸுக்கு நீங்கள் எந்தத் தேதி சொன்னாலும் அது அதற்கெல்லாம் ஆயிரம் வருடத்துக்கு மேல் முந்தியது. வணிகம் நடந்தது உண்மை, அது நமக்குப் பெருமை. அதை வைத்து அடுத்தவன் செதுக்கிய சிலையைக் கேட்கக் கூடாது.

திருவாலங்காடு:

நம் பெருமையைச் சொன்னால் உங்களுக்கு எப்போதும் கசக்கும் டீச்சர். கீழடி இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

மட்டுறுத்துநர்:

கீழடி இங்கே வேண்டாம். போன தடவை என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மணல்வாசி:

முகத்தைப் பற்றிப் பேசலாமா? உடம்புக்குத் தலை சின்னது. நேரில் பார்த்தால் உறுத்தும். முன்பு சிங்கத்தலையாகவே இருந்ததை ஏதோ ஒரு ஃபாரோ தன் முகமாகக் குறைத்துச் செதுக்கினான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நியூயார்க் போலீஸில் முகம் வரைந்து கொடுத்த ஃபிராங்க் டொமிங்கோ, கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கும் காஃப்ரே சிலையையும் இதையும் ஒப்பிட்டு, ஒரே ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கல்லுளி:

மூக்கு போன, கன்னம் உதிர்ந்த 20 மீட்டர் உயரச் சிலையின் முகத்தையும், இருட்டில் பத்திரமாக இருந்த பச்சைக்கல் சிலையின் முகத்தையும் போலீஸ் படம் வரைகிறவர் ஒப்பிட்டாராம். இரண்டையும் வெவ்வேறு சிற்பி செய்திருப்பான் என்பது கூடவா தோன்றாது? தலை சின்னது என்பதற்குக் காரணம் பாறையில் இருக்கிறது. இடுப்புப் பக்கம் உடம்பைக் குறுக்கே வெட்டும் பெரிய வெடிப்பு ஒன்று. அதைத் தாண்டிப் பின்பக்கத்தை முடிக்க உடம்பை நீட்டினார்கள். தலை சின்னதாகவில்லை, உடம்பு நீண்டது.

தலை அரிக்காமல் நிற்பதற்கும் காரணம் அதே பாறைதான். தலை இருக்கும் அடுக்கு கெட்டி, உடம்பு இருக்கும் அடுக்கு பொலபொல. ஒரே வருடம் செதுக்கினாலும் வேறு வேறு மாதிரிதான் தேயும்.

பாப்பிரஸ்:

நான் முதலிலேயே பள்ளம், உடல், முகம் என்று பிரிக்கச் சொன்னது இதற்குத்தான். இப்போது முகத்துக்கான பதிலை உடலுக்கும், உடலுக்கான பதிலைச் சுவருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொன்று, எகிப்தியலாளர்கள் எல்லோரும் காஃப்ரே என்று ஒரே குரலில் சொல்வதாகக் கல்லுளி எழுதுவதும் சரியில்லை. ரெய்னர் ஸ்டாடல்மான் அதைக் குஃபு செய்தது என்றார். வசில் டோப்ரெவ் ஜெதெஃப்ரே தன் தந்தைக்காகச் செய்தது என்றார். அவர்கள் யாரும் யூட்யூப் ஆட்கள் இல்லை.

கல்லுளி:

குஃபு, ஜெதெஃப்ரே, காஃப்ரே: அப்பா, பிள்ளை, பிள்ளை. வீட்டுக்குள் நடக்கும் சண்டை அது. மூன்றும் நான்காம் அரசமரபு. அதைக் காட்டி 12,000-க்குக் கதவு திறந்துவிடாதீர்கள் டீச்சர்.

ஓரியன்தாசன்:

கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. ஸ்பிங்ஸ் தன் கனவில் பேசியதைச் சொல்லி துட்மோஸ் நட்ட கனவுக் கல்வெட்டில் 13-ஆம் வரியில் "காஃப்" என்ற அசை மட்டும் இருந்தது, சுற்றி அரசப்பெயர் வளையம் இல்லை, அந்த வரியும் இப்போது உதிர்ந்துபோய்விட்டது. காஃப்ரேதான் செய்தான் என்பதற்கு எழுத்தில் நீங்கள் வைத்திருந்த ஒரே சாட்சி அதுதான். மரியெட் 1858-ல் எடுத்த கல்வெட்டோ குஃபு காலத்திலேயே ஸ்பிங்ஸ் இருந்தது என்கிறது.

கல்லுளி:

மரியெட் எடுத்தது 26-ஆம் அரசமரபில் எழுதியது. குஃபுவுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் பின்னால்! தங்கள் ஐசிஸ் கோயிலுக்குப் பழம்பெருமை தேட பூசாரிகள் எழுதிக்கொண்டது. காஃப்ரேக்கு எழுத்துச் சாட்சி இல்லாவிட்டால் போகட்டும், கல்சாட்சி இருக்கிறது. கனவுக் கல்வெட்டையே காஃப்ரே கோயிலின் வாசல் கல்லைப் பெயர்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ஒன்று தெரியுமா உங்களுக்கு? லேனர் எகிப்துக்கு வந்ததே உங்கள் பக்கத்து ஆளாகத்தான். கி.மு. 10,500-ல் அட்லாண்டிஸ்காரர்கள் ஸ்பிங்ஸுக்கு அடியில் ஏடுகளை ஒளித்துவைத்தார்கள் என்று அருள்வாக்கு சொன்ன எட்கர் கேசியின் சீடர்கள் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அதைத் தேடி வந்தவர் வருடக்கணக்கில் தோண்டி, அளந்து, பார்த்த பிறகு மாறினார். ஆதாரம் அவரை இழுத்துக்கொண்டு வந்தது.

ஓரியன்தாசன்:

ஆதாரமா, சம்பளமா? எகிப்தின் தொல்பொருள் துறைத் தலைவராக இருந்த ஹவாஸை எதிர்த்தால் அனுமதி கிடைத்திருக்காது என்பது ஊருக்கே தெரியும்.

மேற்குச் சுவர். மூன்றாவது தடவை கேட்கிறேன்.

கல்லுளி:

ஒரு மனிதன் தன் உழைப்பால் மாற்றிக்கொண்ட கருத்துக்கு விலை பேசுகிறீர்கள். இதை எழுதியதற்கு உங்களிடம் ஒரு துண்டு ஆதாரம் உண்டா? இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அந்த வரியை எடுங்கள்.

சுவருக்குப் பதில் மேலே இருக்கிறது. உப்பு, வெடிப்பு, ஈரமணல். உங்களிடம்தான் பதில் பாக்கி. கல் எங்கே போனது?

மணல்வாசி:

நேரில் போய்ப் பார்த்தவனை மட்டம் தட்டியதற்கும் ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

கல்லுளி:

மட்டம் தட்டவில்லை மணல்வாசி. தண்ணீர் மாதிரி தெரிந்தது என்றீர்கள், அது சாட்சியம் ஆகாது என்றேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

ஓரியன்தாசன்:

எந்த வரியையும் எடுக்க மாட்டேன். "நிரூபித்துவிட்டது" என்பதும் அப்படியே நிற்கும். இந்த வாரம் மேற்குச் சுவரின் பழைய படங்கள், பாரேஸ் சிமெண்ட் பூசுவதற்கு முன்னால் எடுத்தவை, தனி இழையாகப் போடப்போகிறேன். அங்கே வந்து பேசுங்கள்.

கல்லுளி:

போடுங்கள். பக்கத்திலேயே ஸ்பிங்ஸ் கோயிலின் வடக்குச் சுவர்க் கற்களின் படத்தையும் வையுங்கள், அடுக்குகள் தெரியும்படி. இல்லாவிட்டால் நான் கொண்டுவந்து போடுவேன்.